சுடுதண்ணி வருது, விலகுங்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, முனி, நாவூறு, செய்வினை என்று எதையும் நான் நம்பியவள் இல்லை. நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், இப்படிக் கதை சொல்ல வருகிறவர்களை நானும் அதே பார்வைதான் பார்த்திருக்கிறேன். என் வேலை பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது. காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து கையை நீட்டுவார்கள், நான் நரம்பைத் தேடி ஊசியைக் குத்துவேன், குழாயில் பெயர் ஒட்டுவேன், அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். உடம்புக்குள்ளே இருப்பது இரத்தமும் சதையும்தான் என்று தினமும் கண்ணால் பார்க்கிறவளிடம் முனி கதை எடுபடுமா? ஞாயிறு பூசைக்குப் போவேன், செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன், அதோடு சரி. பயப்படுகிற வேலையெல்லாம் எங்கள் வீட்டில் என் மனிசன் அன்ரனுடைய பொறுப்பு. பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பி வேறு தெருவால் போகிற ஆள் அவர்.

லண்டனில் வெம்பிளிக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய வீடு ஒரு சுவீடன்காரக் குடும்பத்தினுடையது. தாயும் தகப்பனும் காலமான பிறகு மகள்தான் விற்றாள். பிரிட்டா என்று பெயர், ஐம்பதைத் தாண்டியவள், பாடசாலையில் இசை படிப்பிக்கிறவள். சாவி தந்த அன்று வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போய் எந்த ஜன்னல் இறுகும், பொய்லர் எப்போது முனகும் என்றெல்லாம் காட்டினாள். கடைசியில் பின்வளவுக்கு வந்தாள். வேலியோரமாக, ஓர் ஆப்பிள் மரத்தடியில், முழங்கால் உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கல் கிடந்தது. அதன் மேற்பக்கத்தில் உள்ளங்கை அளவில் வட்டமான குழிகள், யாரோ கட்டை விரலால் மாவை அமுக்கி எடுத்த மாதிரி வழுவழுப்பாக இருந்தன. எங்கள் ஊர் ஆட்டுக்கல்லின் குழியைச் சிறிதாக்கி ஒரே கல்லில் பல இடத்தில் பதித்ததுபோல் ஒரு தோற்றம்.

சுவீடனில் அவர்கள் ஊர்த் தோட்டத்தைத் தெருப் போடுவதற்கு எடுத்தபோது, அந்தக் கல்லை மட்டும் விட்டுவர மனமில்லாமல் தகப்பன் காரில் ஏற்றிக் கப்பலில் கொண்டுவந்தாராம். "முடிந்தால் இதை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அம்மா வியாழக்கிழமை பின்னேரங்களில் இந்தக் குழிகளில் கொஞ்சம் பட்டர் தடவுவா. நீங்கள் செய்யத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்லுக்கு எண்ணெய் தடவுவது நாங்கள் காணாத காட்சியா?

அன்றிரவு சாப்பிடும்போது அன்ரன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சரும், உந்தக் கல்லு எனக்குப் பிடிக்கேல்லை. அவை அதைச் சும்மா காவிக்கொண்டு வந்திருக்க மாட்டினம்."

"உங்களைப் போலத்தான் அதுவும், விசா இல்லாமல் வந்து சேர்ந்திருக்குது. கிடக்கட்டும் விடுங்கோ" என்றேன் நான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மகள் அனிற்றாவுக்கு நாலு வயது முடிந்த பிறந்தநாள் டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை வந்தது. மண்டபம் எடுக்காமல் வீட்டிலேயே வைப்போம் என்று முடிவெடுத்தோம். எங்கள் ஆட்களின் வீட்டு விசேஷம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும், இருபது பேருக்குச் சொன்னால் நாற்பது பேர் வருவார்கள், ஒருவரும் வெறும் வயிற்றோடு போகக்கூடாது. குசினியில் அவ்வளவு சமைத்தால் புகை அலாரம் கத்தும், கறி வாசம் கட்டில் விரிப்பு வரைக்கும் ஏறும், ஆகவே பின்வளவில் காஸ் அடுப்பைப் பொருத்தி, கோயிலுக்கு இரவல் கொடுக்கிற அளவுக்குப் பெரிய கிடாரத்தில் சோறு போட்டோம். ரைஸ் குக்கரில் வைத்த சோறு அன்ரன் வீட்டாருக்குச் சோறே இல்லை, கஞ்சி வடித்த சம்பாச் சோறுதான் வேண்டும்.

வடித்த கஞ்சியை எங்கே ஊற்றுவது? குசினி வாசலில் இருக்கிற வடிகானில் முந்தியொரு தரம் ஊற்றி, அது பசையாக இறுகி அடைத்து, பிளம்பரைக் கூப்பிட்டு நாங்கள் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சொன்னேன்.

"அங்கால கொண்டுபோய் அந்தக் கல்லடியில ஊத்துங்கோ. மண்ணெல்லே, இழுத்துப்போடும்."

அன்ரனும் அவருடைய தம்பியும் ஆளுக்கொரு பக்கம் சாக்குத் துண்டால் பிடித்துக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் பின்னால் நின்று மூடியைச் சரித்துப் பிடித்தேன், கொதிக்கக் கொதிக்க அந்தக் கஞ்சி முழுவதும் கல்லின் மேலேயும் அடியிலும் போய் விழுந்தது. பின்னேரம் நாலு மணிதான், ஆனால் டிசம்பர் மாதத்து லண்டனில் அதற்குள் வெளிச்சம் செத்துவிடும். வெள்ளையாக ஆவி எழும்பியது. கடும் குளிரில் ஆவி எழும்புவது வழமைதான், அது உடனே கலைந்தும் போகும். இது கலையவில்லை. கல்லுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. கூடவே ஒரு சத்தம், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். குளிர்ந்த மண்ணில் சூடு இறங்குகிற சத்தம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சோறு குழையப் போகுது, தூக்குங்கோ" என்று அதட்டி இரண்டு பேரையும் உள்ளே அனுப்பினேன்.

பிள்ளை அப்போது எங்கே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள், டொக்டர் கேட்டார், பொலிஸ்காரி கேட்டாள், நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். பிள்ளை முன்னறையில் மற்றப் பிள்ளைகளோடு பலூன் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மச்சாள் இருந்தா. பின்கதவு சாத்தியிருந்தது.

கேக் வெட்டுவதற்குப் புதுச் சட்டை மாற்ற மேலே கூட்டிக்கொண்டு போனேன். போட்டிருந்த சட்டையைக் கழற்றினேன். வலது தோளிலிருந்து முதுகின் பாதி வரைக்கும் சிவந்து, கொப்புளம் போட்டு, ஓரங்களில் சிதறிய துளிகள் விழுந்த அடையாளம். கொதிநீர் பட்ட காயத்தை நான் முன்னமும் கண்டிருக்கிறேன், பார்த்தால் எனக்குத் தெரியும். ஆனால் சட்டை காய்ந்து கிடந்தது. ஒரு துளி ஈரம் இல்லை, கஞ்சியின் பசை இல்லை. பிள்ளை அழவும் இல்லை.

"குஞ்சு, என்னம்மா இது? ஆர் செய்தது?"

"அன்ரி ஊதினவ."

"எந்த அன்ரி?"

"கார்டன் அன்ரி. ஃபூ எண்டு ஊதினவ." தன் உள்ளங்கையில் தானே ஊதிக் காட்டினாள். பிறகு, கேக்கில் எத்தனை மெழுகுதிரி என்று கேட்கிற அதே குரலில், "அம்மா, அந்த அன்ரிக்கு முதுகு இல்லை. பின்னால பார்த்தா பேசின் மாதிரி இருக்கு" என்றாள்.

கேக் வெட்டவில்லை. அப்படியே போர்வையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவர்கள் மேல் எனக்குக் குறையும் இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். டொக்டர் பார்த்த உடனே கொதிநீர்க் காயம் என்றார். எப்படிப் பட்டது? தெரியாது. எப்போது பட்டது? தெரியாது. வீட்டில் கொதிநீர் இருந்ததா? இருந்தது, ஒரு கிடாரம் நிறைய. பிள்ளை பக்கத்தில் வந்தாளா? வரவில்லை. அப்படியென்றால் எப்படி? இந்த இடத்தில் நான் என்ன சொல்வது? தோட்டத்து அன்ரி ஊதிவிட்டா என்றா?

என்னைத் தனியாக ஓர் அறையிலும் அன்ரனைத் தனியாக இன்னோர் அறையிலும் வைத்துக் கேட்டார்கள். சோஷல் வேர்க்கர் ஒருத்தி வந்தாள், மெல்லிய குரல்காரி, எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். பிள்ளை வோர்ட்டில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் நேர்ஸ் ஒருவர் கூட இருப்பார் என்றாள். நான் வேலைக்குப் போடுகிற உடுப்பும் அந்த நேர்ஸ் போட்டிருந்த உடுப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் பிள்ளைக்கு நான் பால் பருக்கும்போது அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தையும் அவமானத்தையும் இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? "பிள்ளையள் எண்டா ஓடித்திரியுங்கள், நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள்" என்று மச்சாள் போனில் ஆறுதல் சொன்னா. பிள்ளை தன் பக்கத்திலேயே இருந்தது என்று பொலிசிடம் சொன்னவவும் அவதான்.

காயம் மாறவில்லை. மருந்து போட்டுக் கட்டுவார்கள், அடுத்த நாள் அவிழ்த்தால் கொப்புளம் அன்று பட்டதுபோலப் புதிதாக நிற்கும். காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் இருட்டுப்படுகிற நேரத்தில் அனிற்றா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வாள். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி.

"அங்க என்ன குஞ்சு பார்க்கிறீர்?"

"அன்ரியின்ர பேபி அழுது."

நேர்ஸ் என்னிடம் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டுக்குப் போகவேண்டுமாம் என்று பொய் சொன்னேன்.

புதன்கிழமை சோஷல் வேர்க்கர் வந்து, வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் வைக்கிறோம் என்றாள். விசாரணை முடியும் வரைக்கும் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு விடுவது கஷ்டமாக இருக்கலாம், உறவினர் யாராவது பொறுப்பெடுப்பார்களா, இல்லாவிட்டால் வேறு ஒழுங்கு பார்க்கவேண்டும் என்றாள். வேறு ஒழுங்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அன்ரன் வெளியே போய் நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். நான் அழவில்லை, எனக்கு அழுகை வருகிற கட்டம் தாண்டிவிட்டது. பிள்ளையை யாரோ முன்பின் தெரியாத வீட்டில் படுக்கவைக்கப் போகிறார்கள், அவள் தமிழில் தண்ணீர் கேட்டால் விளங்குமா, இதுதான் என் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

திரும்பி வந்த அன்ரன் என் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னார். "ஜெசி, நீர் என்னை ஏசுவீர். ஏசினாலும் பரவாயில்லை. அந்தக் கல்லுக்காரிக்கு ஒருக்கா போன் அடிச்சுக் கேளும்."

ஏசவில்லை. பிரிட்டாவுக்கு அடித்தேன். பொய்லர் பழுதானால் கேளுங்கள் என்று அவள் தந்த நம்பர் என் போனில் இருந்தது.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை, தோலில் ஒரு காயம், வந்து, சமையல் நடந்தது, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினோம். அவள் உடனே இடைமறித்தாள்.

"சுடுதண்ணீரா?"

"ஓம்... யெஸ்."

"ஊற்றுவதற்கு முதல் ஏதாவது சொன்னீர்களா?"

"யாருக்கு?"

 பிறகு அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எல்ஃப் என்பார்கள், ஆனால் கிறிஸ்மஸ் கடைகளில் பச்சைத் தொப்பியோடு நிற்கிற குள்ளர்கள் இல்லை. அவளுடைய பெற்றோரின் ஊரில் அது ஒரு சனம். எங்கள் அளவு உயரம், எங்களைப்போலவே வீடு, அடுப்பு, மாடு கன்று, குழந்தை குட்டி எல்லாம் உண்டு, கல்லுக்குள்ளும் மேட்டுக்குள்ளும் இருக்கிறார்கள், அவர்களாக நினைத்தால் தவிர எங்கள் கண்ணில் படமாட்டார்கள். மிகப் பழைய காலத்தில் குளிர்காலம் தொடங்குகிறபோது ஊரவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களுக்குப் பலியிட்டு விருந்து படைப்பார்களாம், அன்றைக்கு அந்நியரை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்களாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அயலவர்கள், அவ்வளவுதான். ஆனால் ஊறு செய்தால் ஊதிவிடுவார்கள். ஊதிய இடத்தில் தோல் வெந்ததுபோல் எழும்பும். டொக்டர் மருந்து அதற்குக் கேட்காது.

ஊதிவிடுவார்கள் என்று அவள் சொன்னபோது போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அனிற்றா சொன்னதை நான் இவளுக்குச் சொல்லவே இல்லை.

"அம்மா ஒரு கேத்தில் தண்ணீர் வெளியே கொட்டுவதென்றாலும் முதலில் ஒரு குரல் கொடுப்பா, கீழே இருக்கிறவர்கள் விலகட்டும் என்று. நான் அதை உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும். லண்டனில் யார் தோட்டத்தில் கொதிநீர் ஊற்றப்போகிறார்கள் என்று நினைத்தேன்" என்றாள் பிரிட்டா. அவள் குரல் உடைந்திருந்தது.

யார் ஊற்றுவார்கள்? லண்டனில் நாங்கள்தான் ஊற்றுவோம். கஞ்சி வடிக்கிற சனம் வேறு எது?

வியாழன் பின்னேரம், உப்புப் போடாத பட்டர், குழிகளில் தடவவேண்டும். பிள்ளையின் உடம்பில் இருந்த ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைக்கவேண்டும். முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். இவ்வளவுதான் அவள் சொன்னது. போனை வைக்கப் போனவள் மெல்லக் கேட்டாள், "எவ்வளவு தண்ணீர்?"

"ஒரு கிடாரம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியிருக்காது, ஆனால் அவள் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த நாள்தான் வியாழன். பிள்ளையோடு அன்ரனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸால் இறங்கிக் கடையில் உப்பில்லாத பட்டர் வாங்கும்போது எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது, யாராவது தெரிந்தவர்கள் கண்டால் கேக் அடிக்க என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். வீட்டுக்குள் பிறந்தநாள் அலங்காரம் அப்படியே கிடந்தது, பாதி பலூன் காற்றுப் போய்த் தரையில். அனிற்றாவின் தலையிலிருந்து கழற்றிய ரிப்பனை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

மங்கல் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுக் குசினியில் குஜராத்தி அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கல்லில் சனிக்கிழமைக் கஞ்சி வெள்ளைப் பொருக்காகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மழை பெய்தும் போகவில்லை. முதலில் அதைத்தான் செய்தேன், வெதுவெதுப்பாகக் கூட இல்லாமல் பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத்தான் எனக்குள் அந்த எண்ணம் வந்தது. அன்ரியின் பேபி அழுது என்று பிள்ளை சொன்னாளே. அவர்களுக்கும் குழந்தை குட்டி உண்டு என்று பிரிட்டா சொன்னாளே. கிடாரம் நிறையக் கொதிக்கிற கஞ்சி யாருடைய தலையில் போய் விழுந்தது?

அதற்குப் பிறகு நான் பலி கொடுக்க வந்தவளாக இருக்கவில்லை. குசினிக்குத் திரும்பப் போய், ஜன்னல் சாடியில் நான் வளர்க்கிற கற்றாழையில் ஒரு மடலை வெட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் சுட்ட காயத்துக்கு அதைத்தான் பூசுவோம். பட்டரைக் குழிகளில் தடவினேன், ஒரு குழியில் மட்டும் கற்றாழைச் சோற்றை வழித்து வைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், கல் சுட்டது. டிசம்பர் மாதம், புல்லில் உறைபனி, அந்தக் கல் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. கற்றாழையை விரலால் பரப்பினேன். அது திடுக்கிட்டது.

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் நான் செய்கிற வேலை அது. ஊசி படுகிற கணத்தில் ஒரு கை எப்படிச் சுருங்கும் என்று என் விரலுக்குத் தெரியும், ஒரு நாளில் எத்தனை தரம் அதைத் தொட்டு உணர்கிறவள் நான். என் விரலுக்குக் கீழே சுருங்கியது சின்னக் கை. குழந்தையின் கை. பிடித்துக்கொண்டேன். வேலையில் பிள்ளைகள் வந்தால் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன்.

"ஒண்டுமில்லை குஞ்சு, ஒண்டுமில்லை. முடிஞ்சுது, முடிஞ்சுது."

பிறகு அந்தத் தாய்க்குச் சொன்னேன். எந்தப் பாஷையில் சொல்வது என்று யோசிக்கவில்லை. "தெரியாமல் ஊத்திப்போட்டன். நீங்கள் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது. என்ர பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. அவளை விடுங்கோ." அத்தனை நாளும் வராத அழுகை அங்கேதான் வந்தது, அந்தக் கல்லில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

என் புறங்கையில் காற்றுப் பட்டது. மரத்தில் ஒரு கொப்பும் அசையவில்லை. நீளமான, மெதுவான, குளிர்ந்த காற்று. பிள்ளைக்குக் காயம் பட்டால் நாங்கள் குனிந்து ஊதிவிடுவோமே, அந்த மாதிரி. எனக்கு முன்னால், மிகக் கிட்ட, ஓர் ஆள் குனிந்திருந்தால்தான் அப்படி ஊதலாம். எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

ரிப்பனை வைத்துவிட்டு எழும்பி வந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. பிரிட்டா சொன்னதற்காக இல்லை, திரும்பினால் அந்த முதுகைக் காண்பேனோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் நேர்ஸ் கட்டை அவிழ்த்தாள். கையில் துணியோடேயே போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அவர் இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார். அனிற்றாவின் முதுகில் ஒன்றும் இல்லை. சிவப்பு இல்லை, தழும்பு இல்லை, அங்கே ஏதாவது இருந்தது என்பதற்கு ஓர் அடையாளம் இல்லை. பிள்ளை கட்டிலில் குந்தியிருந்து கேக் எங்கே என்று கேட்டாள். கொதிநீர்க் காயம் ஓர் இரவில் இப்படி மாறாது, ஆகவே இது கொதிநீர்க் காயம் இல்லை, அரிதான ஏதோவொரு தோல் ஒவ்வாமை என்றார்கள். கூட்டம் நடந்தது, பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த மெல்லிய குரல்காரி என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். நான் நன்றி சொன்னேன். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை யாருக்கும் சொல்லியிருக்கமாட்டேன். நானும் தோல் ஒவ்வாமை என்றே நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அன்ரன் வீட்டை விற்போம் என்றார், கல்லையாவது பிரிட்டாவிடம் கொடுப்போம் என்றார். இரண்டுக்கும் நான் விடவில்லை, காயப்பட்ட பிள்ளையோடு இருக்கிற ஆட்களை எங்கே கிளப்புவது? செவ்வாய் அந்தோனியாருக்கு, வியாழன் கல்லுக்கு என்று என் கிழமை இப்போது அப்படித்தான் போகிறது. சோறு வடித்தால் கஞ்சியை ஆறவிட்டு, அப்படியிருந்தும் பின்கதவில் நின்று, "சுடுதண்ணி வருது, விலகுங்கோ" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் ஊற்றுவேன். வேலையிடத்தில் தேநீர்க் கேத்திலைச் சிங்கில் கவிழ்க்கும்போதும் வாய் தானாகச் சொல்லிவிடும், கூட வேலை செய்கிறவர்கள் அதை ஏதோ தமிழ்ச் செபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில், வைத்த பட்டர் அடுத்த நாள் இருக்காது. நரி நக்கியிருக்கும் என்பீர்கள். லண்டனில் நரிக்குப் பஞ்சமில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வருடம் கடும் உறைபனி விழுந்த அன்று, விடியப் போய்ப் பார்த்தபோது பட்டர் குழிக்குள் கல்லாக இறுகிப் பாதி மிச்சம் இருந்தது. அதில் விரல்கள் வழித்த கோடுகள். நாக்கு அல்ல, நகம் அல்ல, விரல். பிள்ளைகள் கேக் ஐசிங்கை நாலு விரலாலும் சேர்த்து வழிக்கிற மாதிரி.

ஆனால் கோடுகள் மூன்றுதான் இருந்தன. ஓரங்களில் இரண்டு மெல்லிய கோடு, நடுவில் ஒன்று மட்டும் இரட்டை அகலம்.

உள்ளே வந்து, ஒரு தட்டில் பட்டரைத் தடவி, அனிற்றாவை எழுப்பி அவள் விரல்களால் வழிக்கச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே வழித்தாள். நாலு கோடு. நான் வழித்தேன். நாலு கோடு. கை வெந்து, சரியான வைத்தியம் இல்லாமல் தானாக ஆறினால், பக்கத்துப் பக்கத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே விரலாகிவிடும். அப்படி ஒட்டிய கையில் இரத்தம் எடுத்திருக்கிறேன், எனக்கு அது தெரியும். அதற்குப் பிறகு, கோடு மிஞ்சுகிற அளவுக்குப் பட்டரைத் தடிப்பாகவே தடவுகிறேன்.

அனிற்றாவுக்கு இப்போது எட்டு வயது. முதுகு பளிங்கு மாதிரி இருக்கிறது, நீந்தப் போகிறாள், அந்த வாரம் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. பட்டரில் விழுகிற கோடுகளும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டுதான் வருகின்றன, அந்தப் பிள்ளையும் வளர்கிறது போலும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போக முன் இருட்டோடு போய் ரோர்ச் அடித்துப் பார்க்கிறேன், இந்த முறையாவது நாலாக இருக்காதா என்று. அந்தத் தாய் என் பிள்ளையை முழுதாகத் திருப்பித் தந்துவிட்டாள். போன வெள்ளியும் மூன்று கோடுதான் இருந்தது.